பலதரப்பட்ட பசங்க இருக்குற கிளாஸுக்கு டீச்சரை எப்படித் தயார் பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கிறேன், கடலூர்ல பி.எட். படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன் கேளுங்க. "சார், எனக்கு இன்டர்ன்ஷிப் போட்ட ஸ்கூல்ல ஆறாவதுல மீனவர் வீட்டுப் பசங்க நிறைய, நரிக்குறவர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு, சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பையன் ஒருத்தன், வீட்ல உருது பேசுற புள்ளைங்க ரெண்டு மூணு பேரு. மல்டிகல்ச்சுரல் எஜுகேஷன் பத்தி பரீட்சையில நல்லா எழுதிட்டேன், ஆனா கிளாஸ்ல போய் நின்னா என்ன பண்றதுன்னே தெரியல. இதுக்கு எப்படித்தான் டிரெய்னிங் குடுக்கணும்?"

சரிம்மா. முதல்ல, இந்த மல்டிகல்ச்சுரல் எஜுகேஷன், அதாவது பல பண்பாட்டுப் புள்ளைங்களுக்கும் ஏத்த மாதிரி சொல்லித்தர்ற கல்வி, ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம், நமக்கு வேணாம்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. நான் பேசுறது புதுச்சேரியில இருந்து, எங்க பிரதேசத்தையே பாருங்க, இங்கயும் காரைக்கால்லயும் தமிழ், மாஹேல மலையாளம், ஏனாம்ல தெலுங்கு, ரொம்ப காலமா எங்களுக்கு தமிழ்நாட்டு புக்கு, மாஹேக்கு கேரளா புக்கு, ஏனாமுக்கு ஆந்திரா புக்குன்னுதான் ஓடுச்சு. பல பண்பாடு ஒரே கூரைக்குள்ள இருக்கறது நமக்குப் புதுசு கிடையாது, அதுக்கு டீச்சரை தயார் பண்றதைத்தான் நாம சரியா பண்ணல.

நீங்க பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க, ஜேம்ஸ் பேங்க்ஸ், அமெரிக்காவுல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில இருந்தவர், அஞ்சு விஷயம் சொல்லுவார். பாடத்துல எல்லார் வாழ்க்கையும் வரணும், இந்தப் பாடம் யார் கண்ணுல இருந்து எழுதுனதுன்னு பசங்க கேக்கணும், ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்குற தப்பெண்ணம் குறையணும், எல்லாப் புள்ளையும் தேறுற மாதிரி சொல்லித்தர்ற முறை மாறணும், ஸ்கூலோட மொத்த நடைமுறையே மாறணும். நாம என்ன பண்றோம்? வருஷத்துல ஒரு நாள் மாறுவேடம் போட்டு, ஒரு டான்ஸ் வெச்சு, போட்டோ எடுத்து முடிச்சிடறோம். இந்த விழா, தலைவர் பிறந்தநாள் வகையை அந்த பேங்க்ஸே தன்னோட வரிசையில அடிப்படியிலதான் வெச்சிருக்கார்.

இன்னொரு டிரெய்னிங் இருக்கு, அது எனக்கு இன்னும் கவலை தர்றது. மீனவர்னா இப்படி, நரிக்குறவர்னா இப்படி, வடநாட்டுக்காரங்கன்னா இப்படின்னு பிபிடில ஒரு பட்டியல் போட்டுக் காட்டுவாங்க. டீச்சர் அதை மனசுல வெச்சுக்கிட்டு கிளாஸுக்குப் போனா எதிர்ல இருக்குற புள்ளை தெரியாது, பட்டியல்தான் தெரியும். அதனால நான் சொல்ற டிரெய்னிங் ஒண்ணே ஒண்ணுதான், தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைகிட்டயும் வீட்லயும் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு டீச்சரைப் பழக்கணும்.

இது நடந்த விஷயம்தான். அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் டூசான் ஊர்ல லூயிஸ் மோல்னு ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் 1992ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. ஸ்கூல் டீச்சர்களையே மெக்சிகோ வம்சாவளி குடும்பங்களோட வீட்டுக்கு அனுப்பினாங்க, புகார் சொல்லப் போகல, கத்துக்கிறதுக்குப் போனாங்க. பார்த்தா அந்த வீடுகள்ல விவசாயம், ரிப்பேர் வேலை, கட்டட வேலை, மூலிகை வைத்தியம், வியாபாரம்னு அவ்வளவு அறிவு கிடக்குது. அதை கிளாஸுக்குக் கொண்டு வந்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. தேவனாம்பட்டினத்துல இல்ல சிங்காரத்தோப்புல ஒரு வீட்டுக்குப் போய் உக்காந்து பேசுங்க. வாடை, கொண்டல், கச்சான்னு காத்துக்குப் பேர் வெச்சு கடலுக்குப் போலாமா வேணாமான்னு முடிவு பண்ற ஆளுங்க இருக்குற வீடு அது, ஆனா அந்த வீட்டுப் பையனுக்குப் பருவக்காத்துப் பாடம் நடத்தும்போது அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். இன்னொண்ணு, நம்ம கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது பல வீட்ல கையில காசு இருக்காது, நிவாரணம் வந்தாலும் அது பழைய கடனுக்கே போயிடும், அந்த வாரத்துல போய் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கடான்னு எழுப்பி நிக்க வெச்சா அவன் என்ன செய்வான்? இது தெரியறதுக்கு வீட்டுக்குப் போனாத்தான் முடியும், புக்ல வராது.

அந்த ஒடிசா பையன் விஷயம். கிரவுண்ட்ல தமிழ் சரளமா பேசுறான், பரீட்சைல ஒண்ணும் எழுதலன்னு பார்த்தா சோம்பேறின்னு நினைக்கத் தோணும். கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒருத்தர் இதை விளக்கியிருக்கார், பேச்சு மொழி சுமார் ரெண்டு வருஷத்துல வந்துடும், பாட மொழி பிடிபட அஞ்சுல இருந்து ஏழு வருஷம்கூட ஆகலாம். அப்ப அவனுக்கு நேரம் குடுக்கணும், கணக்கை முதல்ல போர்டுல செஞ்சு காட்டச் சொல்லுங்க, ஒடியா தெரிஞ்ச இன்னொரு புள்ளை இருந்தா ரெண்டு பேரும் அவங்க மொழியில பேசிப் புரிஞ்சுக்கட்டும், தமிழ்ல பேசுன்னு அதட்ட வேணாம். நரிக்குறவர் வீடுகள்ல பேசுற வாக்ரிபோலிக்கும், உருதுவுக்கும் இதேதான். நம்ம நாட்டு கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பல மொழி இருக்கறது வகுப்புக்கு ஒரு வளம்னே சொல்லுது.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான இடம், ஆனா சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல பண்பாடுன்னு பேசிட்டு சாதியை விட்டுட்டுப் போனா அது பொய். முதல் நாள் கிளாஸ்ல எல்லாரையும் எழுப்பி எந்தத் தெரு, அப்பா என்ன வேலைன்னு கேக்கறோம், அன்பாத்தான் கேக்கறோம், ஆனா பக்கத்துல இருக்குற பசங்களுக்கு அது சாதியைச் சொல்லிடும். அந்தக் கேள்வியை கிளாஸ் நடுவுல கேக்காதீங்கம்மா, தனியா பேசும்போது தானா வரட்டும். ஸ்கூல்கள்ல சாதிப் பாகுபாட்டைத் தடுக்கறது பத்தி யோசனை சொல்ல தமிழ்நாடு அரசு போட்ட நீதியரசர் சந்துரு குழு 2024ல குடுத்த அறிக்கையில வருகைப் பதிவேட்டுல சாதி விவரமே இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. டிரெய்னிங்ல இதை வாய்விட்டுப் பேசணும், பயிற்சி எடுக்குறவங்க தங்களோட சொந்த ஊர்ல எந்தத் தெருவுக்கு இதுவரைக்கும் போனதே இல்லன்னு யோசிச்சுப் பார்த்தாலே நிறைய வெளிய வரும்.

காலேஜ் நடத்துறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு வேண்டுகோள். ஆசிரியர் பயிற்சிக்கு விதி போடுற மத்திய அமைப்பான என்சிடிஇயோட 2014 விதிப்படி பி.எட். ரெண்டு வருஷம், அதுல ஸ்கூல் இன்டர்ன்ஷிப்பு மட்டும் 20 வாரம். அத்தனை வாரத்துல லெசன் பிளான் ரெக்கார்டு எழுதவும் சார்ட் ஒட்டவும்தான் பாதி நேரம் போகுது. அதுல கொஞ்சத்தை வீடு பார்க்கறதுக்கு ஒதுக்குங்க, அதுக்கும் மார்க் போடுங்க, திரும்பி வந்து உக்காந்து பேச வைங்க. மார்க் இல்லாததை யாரும் செய்ய மாட்டாங்க, அது அவங்க தப்பும் கிடையாது.

தங்கச்சி, நீங்க இப்போதைக்கு லெசன் பிளான்ல ஒரு வரி மட்டும் கூடுதலா எழுதுங்க, இந்தப் பாடத்துல என் கிளாஸ்ல யாருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு. உங்க கைடு இது எதுக்குன்னு கேட்டா கல்வி உரிமைச் சட்டம் 2009, 29வது பிரிவை எடுத்துக் காட்டுங்க, முடிஞ்சவரைக்கும் தாய்மொழியில கத்துக்குடுக்கணும், புள்ளை பயம் இல்லாம தன் கருத்தைச் சொல்லணும்னு அதுலயே இருக்கு. எழுதிப் பார்த்துட்டு எந்தப் பாடத்துல அந்த வரியை நிரப்ப முடியலன்னு எனக்கு அனுப்புங்க, அடுத்த வீடியோல அந்தப் பாடத்தையே எடுத்துப் பேசலாம்.