ஏப்ரல் 16-ஐ எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து ஏற்கெனவே வென்றுவிட்டது போலப் புன்னகைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

டயானா கபால்டன் எழுதிய ‘அவுட்லேண்டர்’ தொடரை வாசகர்கள் ஏற்றுக்கொண்ட விதத்தை முன்வைத்து, அவர்களைக் கட்டிப்போடுவது காதலா, வரலாறா என்று இந்த மன்றம் கேட்கிறது. வரலாறே என்று வாதாட வந்திருக்கிறேன். தொடரைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றிய கிளேர், 1945-இல் தன் கணவர் ஃபிராங்க்குடன் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்கு வருகிறார். அருகிலுள்ள குன்றின் மேல் நிற்கும் கல்வட்டத்தில் ஒரு கல்லைத் தொட்டவர், இருநூறு ஆண்டுகளைக் கடந்து 1743-இல் போய் விழுகிறார். அங்கே ஜேமி ஃபிரேசர் என்ற மலைநாட்டு இளைஞனை உயிர் தப்புவதற்காக மணக்க நேர்கிறது. பிறகு அவன்மேல் உயிரையே வைக்கவும் நேர்கிறது. 1991-இல் தொடங்கிய இந்தக் கதை 2021-க்குள் ஒன்பது தடித்த நாவல்களாகிவிட்டது. கையில் எடுத்துப் படிப்பதற்கே கொஞ்சம் தோள்வலிமை வேண்டும்.

எனக்கு முன் பேசிய சகோதரி மூன்று சான்றுகளை வைத்தார். முதல் நாவலுக்கு 1992-இல் கிடைத்தது காதல் நாவல்களுக்கென்றே வழங்கப்பட்ட ரீட்டா விருது என்றார். வாசகர்கள் உருகுவது ஜேமியின் பெயரைச் சொல்லித்தானே தவிர, கதையில் வரும் ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் பெயரைச் சொல்லி எவரும் உருகுவதில்லை என்றார். போரும் அரசியலும் வரும் பக்கங்களைப் பல வாசகர்கள் புரட்டித் தாண்டிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். கைதட்டல் பலமாகவே இருந்தது. நானும் தட்டினேன், நன்றாகப் பேசினார் என்பதற்காக.

விருதை முதலில் முடித்துவிடுவோம். விருது கொடுத்தவர்கள் காதல் நாவலாசிரியர்களின் சங்கத்தினர். அவர்கள் காதலுக்குத்தான் விருது கொடுப்பார்கள். ஆனால் இந்தத் தொடரைக் காதல் நாவல் என்ற ஒரே அடுக்கில் வைக்காதீர்கள் என்று எழுதியவரே திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார் என்பதையும் சகோதரி சொல்லியிருக்கலாம்.

மற்ற இரண்டு சான்றுகளும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. எனவே வாசகர்கள் உண்மையில் எந்த இடத்தில் துடித்தார்கள், எந்த இடத்தில் சினந்தார்கள், எதைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சண்டையிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அவற்றுக்கு வருகிறேன்.

துடித்த இடம் இரண்டாம் நாவலின் தொடக்கம். முதல் நாவலை முடித்தவர், கிளேரும் ஜேமியும் இனிச் சேர்ந்து வாழப்போகிறார்கள் என்ற நிறைவோடு அடுத்த நூலைத் திறக்கிறார். முதல் பக்கங்களில் ஆண்டு 1968. கிளேர் இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறார். உடன் வந்திருப்பவள் வளர்ந்த மகள். ஜேமி எங்கும் இல்லை. நடுவர் அவர்களே, அந்த இடத்தில் தவறான புத்தகத்தை வாங்கிவிட்டோமோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள் உண்டு. இடையில் ஏதோ ஒரு நாவலை விட்டுவிட்டோம் என்று தேடியவர்களும் உண்டு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களும், மறுநாளே திரும்பி வந்து திறந்தார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது எது? இருவரும் காதலிக்கிறார்களா என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அது முதல் நாவலிலேயே முடிந்துபோன விஷயம். 1746-இல் என்ன நடந்தது என்ற கேள்வி மட்டுமே அங்கே பாக்கி நின்றது.

அதற்கு விடை கதையில் பிறந்ததன்று, உலகத்தில் நடந்தது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீட்க இளவரசர் சார்லஸ் எட்வர்ட் 1745-இல் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். மலைநாட்டுக் குலங்களில் பல அவர் பின்னே திரண்டன. பிரெஸ்டன்பான்ஸில் வென்று, இங்கிலாந்துக்குள் டெர்பி வரை சென்ற அந்தப் படை பின்வாங்கி, 1746 ஏப்ரல் 16 அன்று இன்வர்னஸுக்கு அருகே கல்லோடன் வெளியில் நின்றது. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஜாக்கபைட்டுகள் எனப்பட்ட இளவரசரின் தரப்பில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அத்தோடு நிற்காமல் மலைநாட்டு உடையைக்கூட உடுத்தக்கூடாது என்று சட்டம் வந்தது; அது நீக்கப்பட 1782 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது கிளேருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் கணவர் வரலாற்று ஆய்வாளர். வாசகருக்கும் தெரியும், ஏனென்றால் கிளேர் சொல்லிவிடுகிறார். தெரிந்த பிறகு கிளேரும் ஜேமியும் சிரித்துப் பேசும் ஒவ்வொரு காட்சியையும் வாசகர் எப்படிப் படிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பாரிஸுக்குப் போய் இளவரசருக்குப் பணம் சேரவிடாமல் தடுக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. ஒவ்வொரு முயற்சியும் கைநழுவும்போது வாசகர் விரல்விட்டு நாட்களை எண்ணுகிறார். சண்டை நாளில் ஜேமி, கருவுற்றிருக்கும் கிளேரை அதே கல்வட்டத்துக்கு அழைத்து வருகிறான். பிரியுமுன் கத்தியை எடுத்து, ஒருவர் உள்ளங்கையின் பெருவிரல் அடியில் மற்றவர் பெயரின் முதலெழுத்தைக் கீறிக்கொள்கிறார்கள். அவள் கல்லுக்குள் போகிறாள்; அவன் சாவதற்காகவே களத்துக்குத் திரும்புகிறான். இந்தக் காட்சியைப் படித்து அழாதவர் குறைவு. சகோதரி சொல்வார், அழவைத்தது காதல்தானே என்று. காதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தியைக் கையில் கொடுத்தது எது, அம்மா? ஏப்ரல் 16.

நம் அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தலும் பிரிதலும் உரிப்பொருள். எதிரணித் தலைவர் தொடக்கத்திலேயே, உரிப்பொருளே சிறந்தது என்று உரையாசிரியர்கள் சொல்லியிருப்பதை நினைவூட்டினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதற்பொருளை ‘முதல்’ என்றுதான் வைத்தார்கள். பாலை என்றால் பிரிவு, அதற்கு வேனிலும் நண்பகலும் பொழுது என்று வகுத்தவர்களுக்குப் பொழுது இல்லாமல் பிரிவு வராது என்பது தெரிந்திருந்தது. இந்தத் தொடரில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே காடும் மலையும் கிடக்கவில்லை. இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. பொழுதே பாலையாகக் கிடக்கும்போது, அந்தப் பொழுதைப் பின்னணி என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, சினந்த இடம். முதல் நாவலில், சொல் கேளாமல் வெளியே போய்ப் பிடிபட்ட கிளேரை மீட்டு வந்த பிறகு, தன் ஆட்களின் உயிரை ஆபத்தில் ஆழ்த்தியதற்காக ஜேமி அவளை வாரால் அடிக்கிறான். நாவல் வெளிவந்த நாள்முதல் இன்றுவரை வாசகர்கள் இதைப் பற்றிச் சண்டையிட்டு ஓயவில்லை. ஒரு சாரார், பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து வளர்ந்தவன் அந்தக் காலத்துக் கணவனாகத்தான் நடப்பான், அவனை நம் காலத்து நாகரிகத்தோடு நடமாடவிட்டால் அது பொய் என்கிறார்கள். மறு சாரார், வாரைப் பிடித்தவன் 1743-காரன், பேனாவைப் பிடித்தவர் 1991-காரர், அந்தக் காட்சியைச் சிரிப்பு கலந்து எழுதியதற்கு அவர்தான் பொறுப்பு என்கிறார்கள். பின்னர் ஜேமி தன் குறுவாளின் மேல் ஆணையிட்டு, இனி ஒருபோதும் கை ஓங்கமாட்டேன் என்று சொல்கிறான். அதனால் சிலர் மன்னித்தார்கள், சிலர் அதோடு புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்கள். எனக்கு மறு சாராரின் வாதத்தில்தான் நியாயம் தெரிகிறது. என் அணியினர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடுவர் அவர்களே, இரு தரப்பும் எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஜேமிக்குக் கிளேர் மேல் அன்பு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடந்த காலத்தை எப்படி எழுதுவது, அதன் கொடுமையை எந்த அளவுக்கு விளக்கம் சொல்லி ஏற்பது என்பதே வழக்கு. அது வரலாற்றின் வழக்கு.

இன்னொரு முறையீடும் உண்டு. பாலியல் வன்முறை தொடரில் மீண்டும் மீண்டும் வருகிறது, முதன்மைப் பாத்திரங்களில் பலரையும் அது தொட்டுவிடுகிறது, ‘அந்தக் காலம் அப்படி’ என்பது ஓரளவுக்கு மேல் சாக்காகிவிடுகிறது என்று வாசகர்கள் வருந்திச் சொல்கிறார்கள். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வரலாற்றின் பக்கம் நிற்பதால் அதன் பெயரால் செய்யப்படும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

இப்போது சகோதரியின் மூன்றாம் சான்று: பக்கங்களைத் தாண்டுகிறார்கள் என்பது. தாண்டுகிறார்கள்தான். ஐந்தாம் நாவலில் ஒரே ஒரு நாள், குலத்தார் கூடும் ஒரு நாள், நூறு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. விடிந்த பொழுது சாய்வதற்குள் வாசகருக்கு இரண்டு முறை தூக்கம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் இருப்பது என்ன? குழந்தைகளின் துணிகள், சமையல், பல்வலி, திருமண ஏற்பாடு. குடும்ப வாழ்க்கை, நடுவர் அவர்களே! இணைந்துவிட்ட காதலர்களின் அன்றாடம். காதலே கட்டிப்போடுகிறது என்றால், காதலர்கள் நிம்மதியாக இருக்கும் நாவலில்தானே வாசகர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்? அங்கேதான் கொட்டாவி விட்டார்கள்.

கடைசியாக, ஸ்டூவர்ட்டின் பெயரால் யாரும் உருகுவதில்லை என்ற சான்று. கல்லோடன் வெளியில் 1881-இல் நடப்பட்ட நினைவுக் கற்கள் இருக்கின்றன. விழுந்தவர்களின் குலப்பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ‘ஃபிரேசர் குலம்’ என்ற கல்லைத் தேடி வாசகர்கள் வருகிறார்கள், பூ வைக்கிறார்கள், சிலர் நின்று அழுகிறார்கள். அதற்கு அருகே கிளாவா என்ற இடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் பழமையான கல்லறைகளும் நெடுங்கற்களும் நிற்கின்றன. அங்கே பிளந்த ஒரு கல்லில் கையை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கும் போய்விடமாட்டோம் என்று தெரிந்தும் வைக்கிறார்கள். எதிரணி சொல்லும், அவர்கள் ஜேமிக்காக வந்தவர்கள் என்று. வரும்போது ஜேமிக்காக வந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கல்லின் கீழ் ஜேமி இல்லை, இருக்கவும் முடியாது. அங்கே கிடப்பவர்கள் பெயர் தெரியாத மனிதர்கள், ஒரு பிற்பகலில் உண்மையாகவே வெட்டுண்டவர்கள். கற்பனைக் காதலனைத் தேடிப் போனவர் உண்மையான கல்லறையின் முன்னால் பேச்சற்று நிற்கும் அந்தக் கணத்தில், அவரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பது யார்?

மணி அடிக்கப்போகிறது என்று நடுவரின் கை சொல்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். மூன்றாம் நாவலில், இருபது ஆண்டுகள் கழித்து, 1766-இல் எடின்பரோவின் ஒரு சந்திலுள்ள அச்சகத்துக்குள் கிளேர் நுழைகிறாள். திரும்பிப் பார்த்த ஜேமி மயங்கி விழுகிறான். எழுந்த பிறகு, அவன் அதுவரை பார்த்தே இராத மகளின் படங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். புகைப்படம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மனிதன், வண்ணத்தில் சிரிக்கும் தன் மகளைப் பார்த்து உடைந்து அழுகிறான். வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் காட்சி இது. நண்பர் அந்தக் காட்சியை இருவரும் ஒரே காலத்தில் பிறந்தவர்கள் என்று வைத்து, கல்லோடன் நடக்கவே இல்லை என்று வைத்து, நமக்கு ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். அவர் சொல்லி முடிக்கும்போது இந்த அவையில் எத்தனை கண்கள் நனைந்திருக்கின்றன என்று நடுவர் எண்ணிக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.