பஸ்ஸும் இருக்கு, ரயிலும் இருக்கு... மாறி ஏறத்தான் பெரும்பாடு!

(காட்சி: சென்னை, காலை நேர அண்ணா சாலை, மேலிருந்து)

குரல்: ஒரு எம்டிசி, அதாவது மாநகரப் போக்குவரத்துக் கழக பஸ்ல போற அறுபது பேரைக் கீழ இறக்கி, ஆளுக்கொரு டூ வீலர் கொடுத்துப் பாருங்க. அந்த சிக்னல் என்ன கதி ஆகும்? அண்ணா சாலை இன்னும் நகருதுன்னா, அதுக்கு பஸ்ல நெருக்கியடிச்சுப் போற ஜனங்கதான் காரணம். கார்ல போறவங்க அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்.

(காட்சி: கண்ணகி நகர் பஸ் ஸ்டாப்)

நகரத்துக்குள்ள குடிசையில இருந்தவங்களைக் கொண்டுபோய் ஓஎம்ஆர் பக்கம் கண்ணகி நகர்ல குடிவெச்சாங்க. வீடு மாறிடுச்சு, பொழப்பு மாறல. அடையாறு, மயிலாப்பூர்னு வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு பஸ் காசே சம்பளத்துல ஒரு பங்கு. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தக் காசு இப்ப வீட்டுச் செலவுக்கு ஆகுது.

ஆனா ஸ்டாப்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. காசு கொடுக்க வேண்டிய டீலக்ஸ் பஸ் வந்தா பல பெண்கள் நின்ன இடத்தை விட்டு அசையறதில்ல. முகப்புல பிங்க் அடிச்ச இலவச பஸ் தூரத்துல தெரிஞ்சாதான் பையைத் தூக்குவாங்க. சலுகை இருந்தா மட்டும் போதாது, அதுக்கேத்த பஸ்ஸும் வரணும்.

(காட்சி: வரைபடம், மூணு ரயில் தடங்கள் ஒண்ணொண்ணா ஒளிருது)

சென்னைக்கு ரயில் புதுசு இல்ல. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931லயே வந்தாச்சு. 1995ல பறக்கும் ரயில், 2015ல மெட்ரோ. பிரச்சினை என்னன்னா, ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறுறது.

பறக்கும் ரயில் 2007ல வேளச்சேரி வந்துடுச்சு. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். அங்க சேர்ந்தா புறநகர் ரயிலும் கிடைக்கும், மெட்ரோவும் கிடைக்கும். 2008ல வேலை தொடங்கினாங்க. கடைசியில அரை கிலோமீட்டர் சொச்சம் நிலத்துக்கான வழக்குல வருஷக்கணக்கா அப்படியே நின்னுச்சு.

(காட்சி: கிளாம்பாக்கம், விடியற்காலை)

இதைவிடப் பெரிய கூத்து, ஊருக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருக்கிற கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்னைக்கு பஸ் நிலையத்தைத் திறந்தாங்க. கோயம்பேட்டுக்கு வந்துட்டிருந்த தென் மாவட்ட பஸ்ஸெல்லாம் இங்கயே நிக்க ஆரம்பிச்சுது. ராத்திரி பூரா தூங்காம, ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில அரிசிப் பையோட இறங்குறவங்க முன்னாடி ஆட்டோக்காரர் ஒரு ரேட் சொல்வாரு. ஊர்ல இருந்து வந்த டிக்கெட்டை விட அது அதிகமா இருந்தாலும் ஆச்சரியப்பட முடியாது.

ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டினா தண்டவாளம். கண்ணு முன்னாடியே ரயில் போச்சு, ஆனா நிக்கல. ஏன்னா பஸ் நிலையம் திறந்தப்போ அங்க ரயில் நிலையமே இல்ல. ஏறணும்னா வண்டலூர் போக வேண்டியிருந்துச்சு, இல்லாட்டி ஊரப்பாக்கம். பஸ் நிலையத்தைக் கட்டினது சிஎம்டிஏங்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ரயில் நிலையம் தெற்கு ரயில்வே பொறுப்பு, ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறது எம்டிசி. மூணு ஆபீஸ், மூணு ஃபைல், மூணு வேகம்.

இவங்களையெல்லாம் ஒரே மேஜையில உக்கார வைக்கத்தான் கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம். சட்டம் போட்டது 2010ல. ஆணையத்தோட முதல் கூட்டம் நடந்தது 2022ல! அதுக்கப்புறம் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு: 2025 செப்டம்பர்ல வந்த ‘சென்னை ஒன்’ ஆப். பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூணுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். நல்ல விஷயம், மறுக்கல. ஆனா ஸ்டேஷன்ல இறங்கி ஸ்டாப்புக்குப் போற வழியில நடைபாதையே கடையும் பைக்குமா கிடந்தா, ஆப் என்ன பண்ணும்?

(காட்சி: மெட்ரோ தூண்கள், கட்டுமானப் பணி)

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூணு வழித்தடம், ₹63,246 கோடி. கிலோமீட்டர் கணக்கை எல்லாரும் பேசுறோம். உங்க ஏரியாவுல ஸ்டேஷன் வருதுன்னா, இன்னொரு கேள்வியையும் இப்பவே கேட்டு வைங்க: அந்த வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம் நடக்கணும், ரோட்டை எங்க கடக்கணும்?