பெற்றவர்களுக்கு நடுவில் தூது போகும் பிள்ளை

வணக்கம் மக்களே. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பிறந்த வீடு பற்றிப் பேசலாம். நாம் பிறந்து வளர்ந்த குடும்பம் வேறு, கல்யாணம் செய்து நாம் உண்டாக்கும் குடும்பம் வேறு என்று சமூகவியலில் பிரித்துப் பார்ப்பார்கள். நம் ஊரில் பொண்ணுக்கு அது தாலி கட்டிய அன்றே தெரிந்துவிடும். பையன் அதே வீட்டில், அதே அறையில் இருப்பதால் அவனுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. பாதி வீட்டுச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

மர்ரே போவென் என்று ஒரு அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் வந்தவர்களோடு அவர்கள் குடும்பத்தையும் சேர்த்து வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அதை அவர் முக்கோணம் என்றார்.

சரி, அதை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பார்ப்போம். வீட்டு முன்பக்கம் கொலுசுப் பட்டறை, அப்பா குனிந்தபடி சலங்கை பற்றவைத்துக்கொண்டிருப்பார், பின்னால் சமையலறையில் அம்மா, நடுவே பத்தடி கூட இருக்காது. ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. "உங்கப்பனைக் கொட்டிக்க வரச் சொல்லு" என்று அம்மா சொல்வார். பிள்ளை வந்து, "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்று சொல்லும். அந்த வாக்கியத்தை வழியிலேயே மாற்றியது பாருங்கள், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை! வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் யார் முகம் சுருங்கினாலும் நடுவில் போய் நிற்கும், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது.

"நான் பெங்களூர் போயிட்டேன், ஃபோனே எடுக்கறதில்லை, தப்பிச்சேன்" என்பவர்கள் உண்டு. அடி உதை இருக்கிற வீட்டைவிட்டு விலகுவது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றபடி, பேச்சை வெட்டிக்கொண்டு தூரமாகப் போவதாலேயே அந்த வீடு நம்மைவிட்டுப் போகாது என்கிறார் போவென். அங்கே தீராதது புது வீட்டில் பொண்டாட்டியிடமோ புருஷனிடமோ பிள்ளையிடமோ வந்து நிற்கும்.

இதைக் கேட்டதும் பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர்களும் ஒரு வீட்டிலிருந்து வந்தவர்கள்தானே. அதனால்தான் ஆலோசகர்கள் மூன்று தலைமுறைக்கு ஜீனோகிராம் என்று ஒரு படம் போடுவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பகை இருந்தால் இடையில் ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகும் கோடு. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், தாத்தா தன் தம்பியோடு பேசாமல் இருந்த அதே கோடு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே வருகிறதா என்று தெரியும்.

ஆடிப் பண்டிகைக்குச் சொந்தமெல்லாம் சேலத்தில் கூடும்போது அத்தையிடம் தனியாகக் கேளுங்கள். என்ன சண்டை என்று நேராகக் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று எழுந்துவிடுவார். அப்பா கல்யாணத்துக்கு யாரெல்லாம் வரவில்லை என்று கேளுங்கள், அப்புறம் அவரே சொல்வார்.