பந்து வருமுன் திரும்பும் தலை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து பார்க்கும்போது நம் கண் பந்தோடேயே ஓடும். இன்று கொஞ்ச நேரம் பந்து இல்லாத இடத்தைப் பார்ப்போம். அதைக் கற்க நல்ல ஆசான் ஒருவர் இருக்கிறார், சீனாவின் நடுக்கள வீரர் ஜெங் ஜி.

1980இல் ஷென்யாங்கில் பிறந்தவர். லியாவ்னிங் மாகாணத்தின் தலைநகர் அது. 1990இல் ஆசியக் கிளப் கோப்பையை வென்றதே ஒரு சீன அணி, அது அந்த மாகாணத்து அணிதான். ஜெங் ஜி பெயரெடுத்தது தெற்கே, ஷென்சென் அணியில். சீன சூப்பர் லீக் 2004இல் தொடங்கியபோது முதல் கோப்பை அந்த அணிக்குத்தான் போனது. அடுத்து ஷான்டோங் லூனெங். 2006இல் லீக், கோப்பை இரண்டும். அந்நாளில் பின்வரிசை, நடு, முன்வரிசை என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பாவில் பலர் அவர் பெயரை முதலில் கேட்டது ஒரு துயரமான மாலையில். 2006 ஜூன் 7, உலகக் கோப்பைக்குச் சில நாட்களே இருக்க, பிரான்சின் சாந்தெத்தியென் நகரில் பிரான்சும் சீனாவும் நட்பு ஆட்டம் ஆடின. தொடங்கிச் சில நிமிடங்கள்தான். பக்கவாட்டில் பந்தைத் துரத்திப் பிரான்சின் முன்வரிசை வீரர் ஜிப்ரில் சிஸ்ஸே ஓட, ஜெங் ஜியும் கூடவே ஓடி மோத, சிஸ்ஸே விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. அவருக்கு அந்த உலகக் கோப்பை இல்லாமல் போயிற்று. முழு வேகத்தில் ஓடுபவருக்கு எடை முழுவதும் ஒற்றைக் காலில் இருக்கும். அந்தக் கணத்தில் சிறு இடிபட்டாலும் ஊன்றிய கால் தாங்காது. பிரான்ஸ் 3-1 என்று வென்றது; சீனாவின் ஒரே கோலைப் பெனால்டியில் அடித்தவர் ஜெங் ஜிதான். அதே பிரான்ஸ் உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியிடம் தோற்றது. இத்தாலியின் பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பி. இந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 தொடக்கத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் அணிக்குப் போனார். அந்தப் பருவத்திலேயே அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியும் அவர் அங்கேயே தங்கினார். 2009இல் ஸ்காட்லாந்தின் செல்டிக், ஒரு பருவம். 2010இல் குவாங்சோ எவர்கிராண்ட். ஆட்ட மோசடிக்காக இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்த அணி அது. அங்கேதான் அவர் நடுக்களத்தின் அடிப்பகுதிக்கு, தற்காப்புக்கு முன்னால், இறங்கி நின்றார். முப்பது வயதில்.

பின்னால் இறங்கினால் வேலை குறையும் என்று நினைக்கிறோம். ஓட்டம் கொஞ்சம் குறையலாம், பார்வை இரட்டிப்பாகும். இருபது மீட்டர் பாஸ் ஒன்று காலுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை விநாடி. பந்து புறப்படுமுன் ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். அது பாதி வழியில் இருக்கும்போது இன்னொரு முறை. முதல் பார்வையில் யார் எங்கே என்று தெரியும். இரண்டாவதில் யார் நகர்ந்தார் என்று தெரியும். சாலையைக் கடக்கையில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டா நடக்கிறோம்? மறுபடியும் சொல்கிறேன்: புறப்படுமுன் ஒன்று, வழியில் ஒன்று.

அப்புறம் உடம்பு. பந்துக்கு நேராக மார்பைக் காட்டி நின்றால் வந்த வழியே திருப்பிக் கொடுக்கத்தான் முடியும். பாதி திரும்பி நின்று, பந்துக்குத் தள்ளியிருக்கும் காலால் வாங்கினால், முதல் தொடுதலிலேயே முகம் எதிரணிக் கோலைப் பார்க்கும். இளம் ஆட்டக்காரர்கள் தவறுவது இங்கேதான். பந்தை வாங்கிய பிறகு தலையைத் தூக்குவார்கள், அதற்குள் முதுகில் ஆள் ஏறிவிடும். பாஸ் கொடுப்பவரும் கிட்டத்துக் காலுக்குத் தந்துவிட்டால் திரும்பும் வழியே அடைபட்டுப் போகும். அது வாங்குபவர் குற்றமில்லை.

2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரணி தென்கொரியாவின் எஃப்சி சியோல். இரண்டு ஆட்டங்கள், அவரவர் ஊரில் ஒன்று. குவாங்சோவுக்கு அப்போது பயிற்சியாளர் அதே லிப்பி. சியோலில் 2-2. குவாங்சோவில் எல்கேசன் கோல் அடித்தார், ஐந்து நிமிடத்துக்குள் சியோல் சமன் செய்தது, 1-1. இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமமானால் வெளியூரில் அடித்த கோலுக்கு அன்று மதிப்பு அதிகம், அதனால் கோப்பை குவாங்சோ கையில் இருந்தது. ஆனால் இன்னொரு கோல் வாங்கினால் போயிற்று, மீதி கிட்டத்தட்ட அரை மணி நேரம். இந்த நிலையில் நடுக்களத்தார் பயந்து பெனால்டிப் பகுதிக்குள் ஒடுங்கினால், தற்காப்பு வெளியே தட்டிவிடும் பந்தெல்லாம் எதிரி காலில் விழும். ஆகவே அந்தப் பகுதியின் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிற்க வேண்டும். குவாங்சோ தாங்கியது. அவ்வாண்டின் ஆசியாவின் சிறந்த வீரர் விருது கேப்டன் ஜெங் ஜிக்கு. 2001இல் ஃபான் ஜியிக்குப் பிறகு அதைப் பெற்ற சீனர் அவர்.

நேரம் நெருங்கிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டங்கள், 2015இல் இன்னோர் ஆசிய சாம்பியன்ஸ் லீக், 2019இல் எட்டாவது லீக். அதே 2019இல் 38 வயதில், மறுபடி லிப்பியின் கீழ், நாடுகள் மோதும் ஆசியக் கோப்பையில் சீனாவின் கேப்டன். கால் இறுதியில் ஈரானிடம் 0-3. தேவைப்பட்டபோது குவாங்சோவில் நடுத் தற்காப்பிலும் நின்றார், ஷென்சென் நாட்களில் கற்றது அது. கடனில் மூழ்கிய குவாங்சோ அணி 2025 ஜனவரியில் கலைந்துபோனது. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். நன்றி, வணக்கம்.