ரிச்சி ஸ்ட்ரீட்டில் கெபாசிட்டர் வாங்குமுன்: மைக்ரோ ஃபாரடும் வோல்ட்டும் மட்டும் போதாது

[மேசை மேல் ஒரு பவர் சப்ளை போர்டு. கேமரா மேலிருந்து.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது ஒரு எல்.இ.டி. டிவியின் பவர் சப்ளை போர்டு. ஸ்டாண்ட்பை விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, டிவி ஆன் ஆகவில்லை. ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு, அதன் ஓரமாக 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு நிற்கின்றன. மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வோல்டேஜைச் சமன் செய்வது கெபாசிட்டர்; எவ்வளவு சேர்த்து வைக்கும் என்பதன் அளவு மைக்ரோ ஃபாரட். ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது. இன்னொன்று தட்டையாக, புதுசு போலவே இருக்கிறது. இரண்டையும் கழற்றி அளந்துவிடுவோம்.

[மல்டிமீட்டர் திரை அருகில்.]

உப்பியது 310 மைக்ரோ ஃபாரட் காட்டுகிறது. சரி, அதன் கதை தலையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. தட்டையாக இருப்பது 880 காட்டுகிறது. இந்த வகைக்கு 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதால் 800 வரை நல்லதுதான். மல்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டால் இதைத் திரும்ப மாட்டிவிடுவோம்.

[ஈ.எஸ்.ஆர். மீட்டர்.]

அதையே ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைக்கிறேன். 2.4 ஓம். இந்த இடத்தில் இருக்கும் நல்ல கெபாசிட்டர் 0.05 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஆக, தட்டையாக இருப்பதும் போய்விட்டது.

ஈ.எஸ்.ஆர். என்பது கெபாசிட்டருக்குள்ளேயே இருக்கும் மின்தடை. இவை எலக்ட்ரோலிடிக் வகை; இந்த வகைக் கெபாசிட்டருக்குள் அலுமினியத் தாளுக்கு நடுவே ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூடு பட்டு, அந்தத் திரவம் அடியிலுள்ள ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. உள்ளே காயக் காய மின்தடை ஏறும். இந்த மாதிரி பவர் சப்ளை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் ஆகிறது. ஒவ்வொரு முறையும் கெபாசிட்டருக்குள் மின்னோட்டம் போய் வருகிறது. மின்தடை ஏறினால் உள்ளே சூடு, சூடு ஏறினால் திரவம் இன்னும் வேகமாகக் காயும். முடிவில் வோல்டேஜ் நிலையாக நிற்காமல் போர்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. விளக்கு மின்னுவது அதனால்தான்.

கடையில் போய் "ஆயிரம் மைக்ரோ, பதினாறு வோல்ட்" என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு எண்ணும் சரியாக இருந்து, மூன்றே மாதத்தில் திரும்பி வரும் போர்டுகள் எத்தனையோ. கெபாசிட்டர் எந்த வேலையில் இருக்கிறது என்று பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதுதான்.

[கெபாசிட்டரின் பக்கவாட்டு அச்சு அருகில்: 105 டிகிரி.]

முதலில் வெப்ப அளவு. பெரும்பாலானவற்றில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கம்பெனியின் டேட்டாஷீட் சொல்லும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது நடைமுறைக் கணக்கு.

கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி. மூடிய டிவிக்குள், ஹீட்சிங்க் பக்கத்தில் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர் 65-ல் நான்கு மடங்கு, அதாவது 8000 மணி நேரம் ஓடும். 24 மணி நேரமும் ஆனில் இருக்கும் செட்டாப் பாக்ஸில் ஒரு வருடம் கூட ஆகாது. 105 டிகிரியில் அதே 2000 மணி நேரம் என்றால் 65-ல் 16 மடங்கு, 32,000 மணி நேரம். மூன்றரை வருடத்துக்கு மேல். 105 டிகிரியில் 5000 மணி நேரம் தாங்கும் வகையும் இருக்கிறது. அதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். விலை வித்தியாசம் பெரும்பாலும் சில ரூபாய்தான். பவர் சப்ளை போர்டில் 85 டிகிரியைப் போடவே போடாதீர்கள்.

வோல்ட் விஷயம் சுலபம். கூடலாம், குறையக் கூடாது. 16 இருந்த இடத்தில் 25 போடலாம், உருவம் இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெயின் கெபாசிட்டர், அதாவது ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் டயோடுக்கு அடுத்து நிற்கும் பெரிசு, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட், டயோடு தாண்டியதும் 325 வோல்ட் ஆகிறது. லைனில் 270 வந்தால் இங்கே 380-ஐத் தாண்டும். 400 வோல்ட் கெபாசிட்டருக்கு மூச்சுவிட இடமில்லை. ராத்திரி வோல்டேஜ் ஏறும் ஏரியாவில் இருக்கிறவர்கள், இடம் இருந்தால் 450 வோல்ட் வாங்கிப் போடுங்கள்.

இந்தப் பெரிசைத் தொடும் முன் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி பறக்கும், போர்டும் போகும். வயர் இழுத்த ஹோல்டரில் ஒரு சாதாரண குண்டு பல்பை மாட்டி, இரண்டு முனையையும் கெபாசிட்டர் காலில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

[ஸ்கேல் அருகில் கெபாசிட்டரின் கால்கள்.]

அளவு எடுங்கள். குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்றால் கால் இடைவெளி பொதுவாக 3.5. 10 மில்லிமீட்டர் என்றால் 5. உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிவியின் பின்மூடி இடிக்கிறது என்று கெபாசிட்டரைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஹீட்சிங்க்கில் ஒட்டி நிற்கும் ரிப்பேர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சூட்டில் வறுபடுவதற்கென்றே வைத்த மாதிரி.

இப்போது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்.

[மவுன்ட் ரோடு பக்கமிருந்து தெருவுக்குள் நுழையும் காட்சி.]

தெரு முகப்பில் லேப்டாப், சிசிடிவி, மொபைல் கடைகள்தான் கண்ணில் படும். காம்பொனென்ட் கடைகளைத் தேடி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று உள்ளே நடக்க வேண்டும், மாடிகளையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய கெபாசிட்டரைக் கையில் கொண்டு போங்கள். இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, ஆயிரம் மைக்ரோ, பதினாறு இல்லன்னா இருபத்தஞ்சு வோல்ட், நூத்தி அஞ்சு டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். இருக்கா? எஸ்.எம்.பி.எஸ்-ல போடணும்."

எஸ்.எம்.பி.எஸ், அதாவது ஸ்விட்சிங் பவர் சப்ளை, என்ற சொல்தான் முக்கியம். வேலை தெரிந்த கடைக்காரர் அதைக் கேட்டதும் வேறு டப்பாவைத் திறப்பார். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.

கையில் கொடுத்ததும் என்ன பார்ப்பது? கம்பெனி பெயரோடு சீரிஸ் எழுத்து இருக்கிறதா பாருங்கள். பானசோனிக்கில் எஃப்.ஆர்., எஃப்.சி.; ரூபிகானில் இசட்.எல்.எச்.; நிச்சிகானில் எச்.இ.; நிப்பான் கெமிகானில் கே.ஒய். என்று இருக்கும். இவை ஸ்விட்சிங் பவர் சப்ளைக்கு ஏற்ற வகைகள். அந்த எழுத்தைப் போனில் தேடினால் டேட்டாஷீட் வரும். குறுக்களவும் உயரமும் அதிலுள்ள அட்டவணையோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் மேலே இருக்கும் பெயரை நம்ப வேண்டாம்.

[இரண்டு கெபாசிட்டர்கள், கால்கள் அருகில்.]

அப்புறம் கால்களைப் பாருங்கள். புதிய கெபாசிட்டரில் பாசிட்டிவ் கால் நீளமாக இருக்கும். இதோ இந்த வலது பக்கத்தில் உள்ளதில் இரண்டும் ஒரே அளவாகக் குட்டையாக இருக்கின்றன, நுனியில் ஈயம் உருண்டு நிற்கிறது. பழைய போர்டிலிருந்து பிடுங்கிய சரக்கு இது. அடியிலுள்ள ரப்பரைப் பார்த்தால் ஈயம் வைக்கும்போது பயன்படும் ஃபிளக்ஸ் பசை பழுப்பாக ஒட்டியிருப்பதும் தெரியும். இன்னொரு ஏமாற்று, சின்னக் கெபாசிட்டரைப் பெரிய கூட்டுக்குள் வைத்து, மேலே பெரிய எண்ணை அச்சடிப்பது. உருவத்துக்குத் தக்க கனம் இருக்காது. மீட்டரில் 2200 வர வேண்டியது பாதி கூட வராது. அதனால் கெபாசிட்டரை அளக்கும் ஒரு சின்ன எல்.சி.ஆர். மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டே போங்கள். கடையிலேயே அளந்து பார்ப்பதில் தப்பே இல்லை, நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பழைய ஸ்டாக்கும் ஒரு தொல்லை. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரில் உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்துபோகும், கசிவு மின்னோட்டம் கூடும். தூசி படிந்த டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேறு கேளுங்கள்.

தெருவில் கிடைக்காதவற்றுக்கு மௌசர், டிஜிகீ, எலிமென்ட் 14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் ஆன்லைனில் இருக்கிறார்கள். ஒன்றிரண்டுக்காக ஆர்டர் போட்டால் டெலிவரி செலவு பொருளை விட அதிகமாகும். அடிக்கடி போகும் அளவுகளில் பத்துப் பத்தாகச் சேர்த்து வாங்குங்கள். நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு வேண்டுமென்றால் கேரள அரசின் கெல்ட்ரான் இருக்கிறது. கண்ணூரில் அவர்களுடைய கெபாசிட்டர் தொழிற்சாலை இயங்குகிறது.

எலக்ட்ரோலிடிக் அல்லாத இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பவர் உள்ளே வரும் இடத்தில், லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே சதுரப் பெட்டி மாதிரி நிற்பது எக்ஸ் 2 வகை. 275 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கும். அங்கே சாதாரண 400 வோல்ட் பாலியஸ்டர் கெபாசிட்டரைப் போட்டால் தீப்பிடிக்க வழி செய்கிறீர்கள். மெயின் கரண்ட் இருக்கும் பிரைமரி பக்கத்துக்கும், குறைந்த வோல்ட் வெளியே போகும் செகண்டரி பக்கத்துக்கும் நடுவே, பெரும்பாலும் நீல நிறத் தட்டாக இருப்பது ஒய் வகை. அது ஷார்ட் ஆனால் டிவியின் உலோகப் பாகங்களுக்கே மெயின் கரண்ட் வரும். இந்த இரண்டு இடத்திலும் அதே வகை, அதே குறியீடு உள்ளதை மட்டும் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும் வரை அந்தப் போர்டு காத்திருக்கட்டும்.

சீலிங் ஃபேன் கண்டென்சரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு (கண்டென்சர் என்பதும் கெபாசிட்டர்தான்): பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏசி. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அது 1.5 மாதிரி இறங்கியிருக்கும். அதே மதிப்பைப் போடுங்கள், வேகம் வேண்டுமென்று கூட்டாதீர்கள், காயில் சூடாகும்.

[ஈயம் வைக்கும் காட்சி. பிறகு சீரியஸ் பல்ப் போர்டு.]

மாட்டும்போது துருவம் கவனம். எலக்ட்ரோலிடிக்கில் பட்டைக்கோடு நெகட்டிவ் பக்கம். டாண்டலம் என்ற வகைக் கெபாசிட்டரில் அதே கோடு பாசிட்டிவ் பக்கம். போர்டின் அச்சை மட்டும் நம்பாமல், கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

பவர் கொடுக்கும்போது நேராகப் பிளக்கில் சொருக வேண்டாம். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை லைனில் சீரியஸாக வைத்துக் கொடுங்கள். மெயின் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்த ஒரு கணம் பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் நல்லது. வெளியே வரும் வோல்டேஜை அளக்கலாம். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிவிட்டு, நீங்கள் மாட்டிய துருவத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.