பன்னிரண்டு மணிக்கு மேல் துகில்

வணக்கம் நேயர்களே. ஆடி பிறந்துவிட்டால் சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வேப்பிலைத் தோரணமும் கூழ்ப்பானையும்தான். கோட்டை மாரியம்மன், குகை, செவ்வாய்ப்பேட்டை என்று டவுனுக்குள் நடக்கிற திருவிழா ஒரு மாதிரி. ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் கிராமத்துத் திருவிழா வேறு மாதிரி. அங்கே கமிட்டி கூடினால், வரவு செலவெல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருத்தர் மெதுவாக ஆரம்பிப்பார்: "இந்த வருசம் கூத்து வெச்சரலாமுங்களா?" வைக்கலாம் என்று முடிவானால், பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் துகில். திரௌபதை துகில், அதாவது சூதில் தோற்ற பாண்டவர் சபையில் துச்சாதனன் திரௌபதையின் சேலையை உருவுகிற கதை.

இன்றைக்கு என் பேச்சு கூத்து வைக்கிற கமிட்டிக்காரர்களுக்கு. ஆடுகிறவர்களுக்குச் சொல்லித்தர வாத்தியார் இருக்கிறார், நமக்கு அதில் வேலை இல்லை. ஆனால் இடம், வெளிச்சம், சத்தம் மூன்றும் கமிட்டியின் கையில் இருக்கிறது. கூத்து கெட்டுப்போகிற ஊர்களில் அது கெடுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலில் சத்தம். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களில் 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகாமல். இப்போது துகிலின் நேரக்கணக்கைப் பாருங்கள். பத்து மணிக்கு மத்தளம் தட்டிக் களரி கூட்டுகிறார்கள், அதாவது வாத்தியம் வாசித்துக் கூத்தைத் தொடங்குகிறார்கள். கோமாளி வந்து சிரிக்கவைத்து, துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி வெளியே வருவதற்குள் பதினொன்று தாண்டிவிடும். சூதாட்டம் ஒரு மணி, இரண்டு மணி. துச்சாதனன் சேலையில் கை வைக்க நாலு மணி ஆகிறது. அதாவது நாம் எந்தக் கட்டத்துக்காகக் கூத்து வைத்தோமோ அந்தக் கட்டம் மைக் இல்லாத நேரத்தில் வருகிறது. இதைக் கமிட்டி முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக்கை நம்பி இடம் பார்த்தால், பன்னிரண்டு மணிக்கு மேல் முன்வரிசையில் இருக்கிற நாலு பேருக்குத்தான் கூத்து கேட்கும்.

சரி, மைக் இல்லாமல் கேட்குமா? கேட்கும். அடித்தொண்டையிலிருந்து எடுக்கிற கூத்துக்குரல் வெட்டவெளிக்கென்றே பழக்கிய குரல். காற்று பின்னாலிருந்து அடித்தால் எழுபது, எண்பது அடிக்குப் போகும். எதிர்க்காற்றாக இருந்தால் முப்பது அடியிலேயே வார்த்தை உதிர்ந்துவிடும். ஆடி மாதத்தில் நமக்குக் காற்று மேற்கிலிருந்து. ஆகவே களரி, அதாவது ஆடுகிற இடம், மேற்கே, சனங்கள் கிழக்கே. ஆடுகிறவர்கள் கிழக்கே பார்த்து ஆட வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், களரி மேற்கே, சனங்கள் கிழக்கே. இதில் இன்னொரு லாபம்: விடியும்போது வெயில் வேஷக்காரர்களின் முகத்தில் விழும். முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிய முகம் காலை வெயிலில் ஜொலிப்பதுபோல எந்த விளக்கிலும் ஜொலிக்காது. பார்க்கிறவர்களுக்கும் கண் கூசாது.

களரிக்குப் பின்னால் ஒரு மறைப்பு வேண்டும். கோயில் மதிலோ, பள்ளிக்கூடச் சுவரோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் தென்னங்கீற்றுத் தட்டி இரண்டடுக்காக எட்டடி உயரத்துக்குக் கட்டுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே நகரும்போது, இரண்டு பேர் பிடிக்கிற திரைத்துணி என்ன ஆகும்? படபடவென்று அடித்துத் திரைவிருத்தத்தை அமுக்கிவிடும். தட்டி காற்றைத் தடுக்கும், குரலையும் ஓரளவு முன்னால் தள்ளும். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்றால், கூட்டத்துக்கும் கிழக்கே, இருநூறு அடி தள்ளி. அப்போது அதன் சத்தமும் புகையும் காற்றோடு அந்தப் பக்கமாகப் போய்விடும். வசதியாக இருக்கிறது என்று களரிக்குப் பின்னால் வைத்தீர்களோ, ராத்திரி முழுக்கத் துரியோதனனோடு டீசல் இன்ஜினும் பாடும்.

தரை. இதைப்பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் கமிட்டிகளுக்கு மேடை ஆசை வந்துவிட்டது. ஐந்தடி உயரத்துக்குப் பலகை மேடை, அதன்மேல் சிவப்புக் கம்பளம். பாட்டுக் கச்சேரிக்குச் சரி. கூத்துக்கு ஆகாது. கூத்தில் பாதி விஷயம் காலில் இருக்கிறது. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவருக்குச் சலங்கை தெரிவதில்லை, முகவாய்க்கட்டைதான் தெரிகிறது. பலகையில் மிதித்தால் தொம் தொம்மென்று சத்தம் எழும்பி மிருதங்கத்தைத் தின்றுவிடும். கம்பளத்தில் கிறுக்கி, அதாவது வேகமான சுழலாட்டம், சுற்றினால் அது காலோடு சுருண்டு வரும். கட்டை வேஷம் கட்டி, அதாவது தலையில் மரக் கிரீடமும் தோளில் மரப் புஜமுமாகச் சுற்றுகிறவர் தடுக்கி விழுந்தால் தோள்பட்டைதான் முதலில் மண்ணைத் தொடும். கல்யாண முருங்கைக் கட்டை லேசானதுதான், ஆனால் விழுந்தால் உடைந்துபோகும். சிமெண்டுத் தரையும் வேண்டாம். எட்டு மணி நேரம் அதில் குதித்தால் குதிகால் போய்விடும்.

மண் தரைதான் சரி. குறைந்தது பதினாறுக்குப் பதினாறு அடி. புஜம் கட்டிய நாலு பேர் ஒரே நேரத்தில் சுற்ற அவ்வளவு இடம் தேவை. கல், ஓட்டாஞ்சில்லு எல்லாம் பொறுக்கிவிட்டு, பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, மேலே லேசாகச் சாணி மெழுகுங்கள். நேரம் முக்கியம். பொழுது சாயத் தண்ணீர் ஊற்றினால் பத்து மணிக்கும் வழுக்கும். தெளிக்கவே இல்லையென்றால் நள்ளிரவுக்குள் புழுதி கிளம்பித் தொண்டையை அடைக்கும், பின்பாட்டுக்காரர் இருமிக்கொண்டே பாட வேண்டியதுதான். பின்னால் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் ஒன்றரை அடிக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பன்னிரண்டு மணி வரைக்குமான மைக்குக்கு வருவோம். களரிக்கு மேலே குறுக்கே கயிறு கட்டி இரண்டு மைக் தொங்கவிட்டால் போதும். உயரம் எட்டடி. ஆறடிக்குக் கீழே கட்டிவிட்டு, கிரீடம் இடிக்கிறது என்று வேஷக்காரரைக் குனியச் சொல்கிற ஊர்களும் உண்டு. ஆர்மோனியத்துக்குத் தனியாக ஒன்று வைக்கலாம். முகவீணைக்கு வேண்டாம், சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற அது எல்லாவற்றுக்கும் மேலே தானாகவே கேட்கும். ஸ்பீக்கர் வாய் மைக்கைப் பார்த்தால் 'ஊய்' என்று கூவும். அதனால் ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், சனங்களைப் பார்த்து வையுங்கள். ஊர் எல்லை வரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவதை விட்டுவிடுங்கள். சத்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கிற குழாய்ச் சத்தம் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாகத் திரும்பி வந்து, ஆடுகிறவரின் தாளத்தையே குழப்பும்.

வெளிச்சத்துக்கு மஞ்சள் விளக்கு, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், இரண்டு பக்கமும் சாய்வாக. நேர் எதிரே வெள்ளை எல்இடி வைத்தால் பூச்சு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்கும், ஆடுகிறவருக்குக் கண்ணும் தெரியாது. மழை பெய்து ஈசல் கிளம்பினால் ஐம்பதடி தள்ளி ஒரு வெள்ளை விளக்கைத் தனியாக எரியவிடுங்கள். ஈசல் பெரும்பாலும் அங்கே போய்விடும். இல்லாவிட்டால் பாடுகிற வாய்க்குள் போகும்.

இனி துகில். சேலை நெய்கிற இளம்பிள்ளை பக்கத்திலேயே இருக்கும்போது நமக்குச் சேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் என்ன சேலை என்பதில் விஷயம் இருக்கிறது. பருத்திச் சேலை எட்டு. ஒன்று ஐந்தரை மீட்டர் என்றால் மொத்தம் 44 மீட்டர். நைலக்ஸ் வேண்டாம், வழுக்கி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், முடிச்சு இடுப்பில் வந்து மாட்டும். ஒரு சேலையின் முந்தானையையும் அடுத்த சேலையின் உள்முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கைத்தையல் போடுங்கள். எட்டையும் திரௌபதை வேஷக்காரர் உடம்பில் சுற்றிவிட்டால் மூச்சு முட்டும், அதோடு, வரும்போதே வைக்கோல்போர் மாதிரி இருப்பதைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் உடுத்திய சேலையை உள்ளே அழுத்தித் தைத்துவிட வேண்டும். உருவுகிற சேலையை விசிறி மடிப்பாக மடித்து, பின்னால் வாத்தியக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் கூடையில் வைத்து, ஓர் ஆள் திரை மறைவில் உட்கார்ந்து தள்ளிக்கொடுக்கட்டும். அது இடுப்பை ஒரே சுற்றுச் சுற்றி வந்தால் போதும். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கோவிந்தா என்று அப்படியே நிற்கலாம், சுழல வேண்டியதில்லை. துச்சாதனன் பக்கவாட்டில் இழுக்கட்டும். விழுகிற சேலையை உடனே அள்ள ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் சலங்கையில் மாட்டும். பல ஊர்களில் கை வைப்பதற்கு முன்னால் சூடம் காட்டிக் கும்பிடுகிறார்கள், துச்சாதன வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார். சூடத்தட்டு சேலைக் குவியலுக்கு ஆறடி தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் ஒரு ஈரச்சாக்கு. கூட்டத்தில் அருள் வந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க, திருநீறும் தண்ணீரும் கொடுக்க இரண்டு பெரிய மனுஷிகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின் சாப்பாடு, சம்பளம் எல்லாம் பேச நினைத்தேன். ஒன்று மட்டும்: சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் இடுப்பில் கச்சை கட்ட முடியாது. சேர்வராயன் மலைக்காரர்களுக்கு, ஏற்காடு 1500 மீட்டர் உயரம், ராத்திரி ஈரத்தில் மிருதங்கத் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். இரண்டாவது மிருதங்கம் ஒன்றைக் கம்பளியில் சுற்றி வைத்திருக்கச் சொல்லி வாத்தியாரிடம் அச்சாரம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். மலையில் காற்று பள்ளத்தாக்குக்கு ஏற்றபடி திரும்பும், அதனால் நான் சொன்ன மேற்கு கிழக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முந்தின நாள் ராத்திரி அதே இடத்தில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வணக்கம்.