நிப்பாவும் தட்டம்மையும்

வணக்கம் நேயர்களே. நான் நெகிரி செம்பிலானில் லுக்குட் பக்கம். எங்கள் பகுதித் தோட்டத்து ஆட்களிடம் புக்கிட் பெலாண்டோக் என்று சொன்னாலே போதும், 1999 ஞாபகத்துக்கு வந்துவிடும். பன்றிப் பண்ணை வேலைக்குப் போனவர் காய்ச்சல் என்று படுப்பார், தலைவலி, பிதற்றல், அப்புறம் நினைவே இருக்காது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய இந்த நிப்பா நோய், பன்றிகளை ஏற்றி வந்த லாரிகளோடு நெகிரி செம்பிலானுக்கும் வந்துவிட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்துபோனார்கள்.

முதலில் இதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசுப்புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். அந்த மூளைக்காய்ச்சல் அதிகமாகத் தாக்குவது பிள்ளைகளை, இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியோடு வேலை செய்த பெரிய ஆண்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பேரையே அதற்கு வைத்தார்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக் கொட்டகைக்குள் விழுந்து, அப்படித்தான் பன்றிக்கு வந்தது என்று பிறகு தெரிந்தது.

"ஊசி போட்டும் வந்ததே, அப்போ ஊசி எதற்கு?" என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

வைரஸ் சாப்பிடாது, மூச்சு விடாது, தானாகப் பெருகவும் அதற்கு முடியாது. உள்ளே மரபுச் செய்தி ஓர் இழை, சுற்றிப் புரதமும் கொழுப்புச் சவ்வும், நிப்பா வகைக்கு அவ்வளவுதான். அதன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதம், பூட்டுக்குச் சாவி மாதிரி, நம் செல்லின் மேலுள்ள ஏதாவது ஒன்றில் பொருந்தியாக வேண்டும். நிப்பாவுக்குப் பொருந்துவது இரத்தக் குழாய்ச் சுவரிலும் நரம்பு செல்லிலும் இருக்கிறது, அதனால்தான் மூளை வரை போகிறது. பொருந்தியதும் இரண்டு சவ்வும் ஒன்றாகி இழை உள்ளே இறங்கும். செல் அதைத் தன் சொந்த உத்தரவு என்று நம்பி வைரஸுக்கான புரதங்களைச் செய்து கொடுக்கும், புது வைரஸ்கள் அந்தச் செல்லின் சவ்விலேயே கொஞ்சத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே கிளம்பும். ஆன்டிபயாட்டிக் தாக்குவது பாக்டீரியாவின் உறுப்புகளை. வைரஸிடம் அவை கிடையாது, ஆகவே வைரஸ் சளிக்கு அதைக் கொடுங்கள் என்று கிளினிக்கில் அடம்பிடித்துப் பயனில்லை.

தடுப்பூசி அந்த மேல்புரதத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. உடம்பு எதிர்ப்புரதம் செய்து வைத்துக்கொள்ளும், நிஜ வைரஸ் வந்தால் அதன் மேல் போய் ஒட்டி, செல்லில் பொருந்தவிடாமல் தடுக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குச் செய்த எதிர்ப்புரதம் நிப்பாவின் மேல் ஒட்டாது. 1999இல் போட்ட ஊசியில் குறையே இல்லை, வந்த நோய்தான் வேறு.

நிப்பாவுக்கு மக்களுக்குப் போட அங்கீகரித்த ஊசி இன்றும் கிடையாது. ஆனால் அதே குடும்பத்தில் இன்னொரு வைரஸ் இருக்கிறது, தட்டம்மை, கிளினிக்கில் சம்பாக் என்பார்கள். அதற்கு 1963 முதலே ஊசி உண்டு. 1954இல் பாஸ்டனில் நோய் கண்ட ஒரு பள்ளிச் சிறுவனிடம் எடுத்த வைரஸைக் கோழிக்கரு செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனமாக்கினார்கள். இரண்டு தடவை போட்டால் 100 பேரில் 97 பேருக்குப் பாதுகாப்பு.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊசி போடாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும், நோயாளி எழுந்து போன அறையின் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை தங்கும், தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே ஒட்ட ஆரம்பித்துவிடும். அது முதலில் பிடிப்பதே நோய் எதிர்ப்பு செல்களைத்தான், அதனால் பழைய நோய்களைப் பற்றி உடம்பு வைத்திருந்த ஞாபகத்தில் ஒரு பகுதியும் அழிந்துபோகிறது. மாரியம்மாவுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலை செருகுங்கள், அதை யார் தடுத்தார்கள்? ஊசியையும் போடுங்கள்.

நம் நாட்டில் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடுவது. பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது, பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்னாலேயே கேட்டுக்கொள்ளலாம். வேலை, லீவு கிடைக்கவில்லை என்று தேதி தவறிப்போயிருந்தால், பிள்ளையின் ஊசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், விட்டுப்போனதை எப்போது போடலாம் என்று மிஸ்ஸி பார்த்துச் சொல்வார்.